ஒரு சுங்கக் கட்டரின் பணிவரலாறு எழுதுவது எப்படி: கடலூர், புதுச்சேரி ஆய்வாளர்களுக்கு

கட்டர் என்பது சுங்க ரோந்துக்குப் பயன்பட்ட சிறிய, வேகமான பாய்க்கப்பல். அப்படி ஒரு கப்பலின் பணிவரலாற்றுக் குறிப்புகளை ஏற்றக் கெட்டி அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்வரியில் கப்பலின் பெயரை எழுத வேண்டாம். முதலில் துறைமுகம், அடுத்து ஆண்டு, அதற்கப்புறம்தான் பெயர். கடத்தல்காரர்களோடும் எதிரி நாட்டு அரசின் அனுமதியோடு திரிந்த தனியார் போர்க்கப்பல்களோடும் மோதிய ஆயுதம் தாங்கிய சுங்கக் கட்டர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த முதல் வரியிலேயே தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்காவில் 'விஜிலன்ட்' என்ற பெயரில் 1791இல் நியூயார்க்கில் ஒரு கட்டர் இருந்தது. 1813 அக்டோபர் 4 இரவு பிளாக் தீவுக்கு அருகே 'டார்ட்' என்ற பிரிட்டிஷ் தனியார் போர்க்கப்பலின் மேல் ஏறிப் பிடித்ததும் ஒரு 'விஜிலன்ட்'தான். ஆனால் அது வேறு கப்பல். பிரிட்டனில் 'ஸ்வான்' என்ற பெயரை ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டர்கள் சுமந்தன. பழையது போனால் புதியதற்கு அதே பெயரை வைப்பது வழக்கம். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்று கப்பல்களின் கதை ஒன்றாகக் கலந்துவிடும். மூழ்கிப்போன கப்பல் அடுத்த பத்தியில் ரோந்து போகும்.

இந்த வேலையில் கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. இருபது கிலோமீட்டர் சொச்ச தூரத்துக்குள் இங்கிலீஷ்காரன் கோட்டையும் பிரெஞ்சுக்காரன் கோட்டையும் எதிரெதிரே நின்ற கரை இது. இங்கிலீஷ்காரன் கோட்டை இருந்த கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் எழுதிய கடிதத்துக்குப் புதுச்சேரியில் எழுதிய மறுபக்கம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, பிரெஞ்சு ஆளுநரின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பும் இருக்கும். கடலில் நடந்த எந்த மோதலையும் ஒருதரப்புக் காகிதத்தை மட்டும் வைத்து எழுதக்கூடாது. பிடித்தவன் ஒன்று சொல்வான், பிடிபட்டவன் வேறு சொல்வான். கீழே வரும் முறை முழுவதும் இந்த ஒரே விதியின் மேல்தான் நிற்கிறது.

யாருடைய கப்பல்?

அட்டையின் இரண்டாம் வரி இலாகா. 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் சுங்க வாரியத்துக்குத் தனிக் கட்டர்கள், உள்நாட்டுச் சரக்கு வரியைக் கவனித்த எக்சைஸ் வாரியத்துக்குத் தனிக் கட்டர்கள். இவை தவிர, கடற்படை வணிகர்களிடமிருந்து வாடகைக்கு எடுத்த ஆயுதக் கட்டர்களும் உண்டு. மூன்றும் கரையிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்: ஒற்றைப் பாய்மரம், முன்னால் ஈட்டிபோல் நீளும் மூக்குக்கட்டை, கப்பலின் அளவுக்கு மிஞ்சிய பாய். போர் வந்தால் சுங்கக் கட்டர்களைக் கடற்படைக்கு இரவலாகக் கொடுப்பதும் நடக்கும். அப்படிக் கொடுத்த மாதங்களில் அதன் செய்தி சுங்கக் கடிதங்களில் இருக்காது, கடற்படைக் காகிதத்தில் இருக்கும். ஒரு கட்டர் இரண்டு ஆண்டுகள் திடீரென்று காணாமல் போனால் மூழ்கிவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். முதலில் இரவலைச் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்காவின் கணக்கு எளிது. 1790 ஆகஸ்ட் 4 சட்டப்படி, நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் பொறுப்பில், பத்துக் கட்டர்கள் வரை கட்ட அனுமதி கிடைத்தது. கட்டருக்கு ஆள் இவ்வளவு: தலைவர் 1, துணைவர் 3, மாலுமி 4, சிறுவர் 2. மாதச் சம்பளம் தலைவருக்கு 30 டாலர், துணைவர்களுக்கு 20, 16, 14, மாலுமிக்கு 8, சிறுவனுக்கு 4. கூட்டிப் பார்த்தால் பத்துப் பேருக்கு மாதம் 120 டாலர். இந்தத் தொகையை அட்டையில் எழுதி வையுங்கள். தொடக்க ஆண்டுகளின் சம்பளப் பட்டியல் இதைவிடக் குறைவாக இருந்தால் அன்று ஆள் குறைவு என்று பொருள். ஆள் குறைந்த கட்டர் எப்படிச் சண்டை போட்டிருக்கும் என்பதையும் அதே கணக்கு சொல்லும். ஒரு கட்டருக்கு ஹாமில்டன் கேட்ட தளவாடம்: ஈட்டிமுனை பொருத்திய துப்பாக்கி 10, கைத்துப்பாக்கி 20, உளி 2, அகலக் கோடாலி 1, லாந்தர் 2. உளியையும் கோடாலியையும் கவனியுங்கள். மறைத்த சரக்கைத் தேடிப் பெட்டியையும் பலகையையும் திறக்கிறவனுடைய கருவிகள் அவை. இந்தக் கப்பல்களின் அன்றாட வேலை சண்டையல்ல, தேடுதல்தான் என்பதை எந்த விளக்கத்தையும்விட இந்தப் பட்டியல் தெளிவாகக் காட்டுகிறது.

அளவு

டன் கணக்கை எங்கிருந்தும் அப்படியே எடுத்து எழுதாதீர்கள், போட்டுப் பாருங்கள். பழைய ஆங்கிலக் கட்டுமான அளவு இது: நீளத்திலிருந்து அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கைக் கழிக்கவும். மீதியை அகலத்தால் பெருக்கி, மறுபடியும் அகலத்தில் பாதியால் பெருக்கி, 94ஆல் வகுக்கவும். எல்லாம் அடியில்.

68 அடி நீளம், 24 அடி அகலம் உள்ள கட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24இல் ஐந்தில் மூன்று 14.4. 68இல் கழித்தால் 53.6. அதை 24ஆல் பெருக்கினால் 1,286.4. மறுபடி 12ஆல் பெருக்கினால் 15,436.8. 94ஆல் வகுத்தால் 164 டன் சொச்சம். காகிதத்தில் 164 இருந்தால் இந்தக் கப்பல்தான் என்று ஓரளவு நம்பலாம். 110 என்று இருந்தால் அதே பெயருள்ள வேறு கப்பல், இல்லையென்றால் நீளத்தை எங்கோ தவறாகப் படித்திருக்கிறோம். கப்பல் டன் எடையல்ல, கொள்ளளவின் கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். அதைக் கிலோவாக மாற்றக்கூடாது.

பிரெஞ்சுக் காகிதத்தில் வரும் அடி வேறு அடி. அது 32.48 சென்டிமீட்டர், ஆங்கில அடி 30.48. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து 68 என்று அளந்த கப்பல் ஆங்கிலக் கணக்கில் ஏறத்தாழ 72½ அடி. பிடிபட்டுக் கை மாறிய கப்பல் 'வளர்ந்துவிட்டது' என்று குழம்புவதற்கு இதுவே காரணம்.

அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தையும் குறியுங்கள். மேலே சொன்ன கட்டரில் அது 2.8. ஒல்லியான, வேகமான படகுகள் கடத்தலுக்கே உதவும் என்பதால், 1784ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம் நீளம் அகலத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் போகும் சிறு கப்பல்களைப் பறிமுதலுக்கு உள்ளாக்கியது. பலகைமேல் பலகை ஏறும்படி கட்டிய படகுகள்மேலும் அந்தச் சட்டத்துக்குக் கண் இருந்தது. அதே 1784இல் பிரதமர் பிட் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12½க்கு இறக்கினார். தேயிலைக் கடத்தலின் முதுகெலும்பை உடைத்தது பீரங்கியைவிட அந்த வரிக்குறைப்புதான். உங்கள் கட்டரின் பறிமுதல் பட்டியலில் 1784க்குப் பிறகு தேயிலை குறைந்தால் தலைவர் சோம்பிவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சரக்குக் கள்ளத்தனமாக வருவதே குறைந்துவிட்டது.

பீரங்கி எண்ணிக்கை

'14 பீரங்கிக் கட்டர்' என்றால் எந்த 14? காரனேட் என்ற குட்டைப் பீரங்கி 1770களின் இறுதியில் வந்தது. பழைய ஆங்கில வழக்கில் அதைப் பெரும்பாலும் எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார்கள். அதனால் காகிதத்தில் 10 என்று இருக்கும் கப்பலில் உண்மையில் 16 குழாய் இருக்கலாம். குண்டின் எடையிலும் இதே சிக்கல். பிரெஞ்சுப் பவுண்டு 489.5 கிராம், ஆங்கிலப் பவுண்டு 453.6 கிராம். பிரெஞ்சு '8 பவுண்டர்' வீசும் குண்டு ஆங்கிலக் கணக்கில் 8.6 பவுண்டு. இரண்டு கப்பல்களின் பலத்தை ஒப்பிடும்முன் எல்லாவற்றையும் கிலோவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். காரனேட்டை நீள் பீரங்கியோடு கூட்டவும் கூடாது. கிட்டத்தில் அது பயங்கரம், எட்டத்தில் உதவாது. துரத்தும் கட்டருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வாழ்வும் சாவும்.

காகிதம் ஏன் இல்லை, பதிலுக்கு எங்கே பார்ப்பது

கப்பலின் அன்றாடப் பயண ஏடான லாக் புத்தகம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். கிடைக்காமல் போவதற்கு எத்தனை காரணம் இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1814 அக்டோபரில் 'ஈகிள்' என்ற அமெரிக்கச் சுங்கக் கட்டர், ஃபிரெடரிக் லீ தலைமையில், ஒரு வணிகக் கப்பலை மீட்கப் போய் லாங் தீவுக் கரையில் தரைதட்டியது. எதிரே பிரிட்டிஷ் கடற்படையின் 'டிஸ்பாட்ச்' என்ற போர்க்கப்பல். மாலுமிகள் கட்டரின் பீரங்கிகளைக் கழற்றிக் கரையோர மேட்டின் உச்சிக்கு இழுத்துப் போய் அங்கிருந்து சுட்டார்கள். குண்டு தீர்ந்ததும் எதிரியின் குண்டுகள் மண்ணில் புதைந்த இடத்தைத் தோண்டி எடுத்துத் திருப்பிச் சுட்டார்கள். மருந்தை அடைக்கும் திணிப்பு தீர்ந்தபோது லாக் புத்தகத்தைக் கிழித்துத் திணித்தார்கள். நாம் தேடும் பக்கம் பீரங்கி வாயில் எரிந்து போனது. இந்தச் செய்தி நம் கைக்கு வந்தது அன்றைய செய்தித்தாள் வழியாகத்தான். கப்பலின் சொந்த ஏட்டில் அது இருந்திருக்க வழியே இல்லை.

பிரிட்டன் பக்கம் பெரிய ஓட்டை 1814 பிப்ரவரி 12. அன்று லண்டன் சுங்க மாளிகை எரிந்தது, தலைமை வாரியத்தின் பழைய கடிதங்கள் பெருமளவு அதோடு போயின. ஆனால் வாரியம் வெளித் துறைமுகங்களுக்கு எழுதிய கடிதத்தின் நகலும், அந்தத் துறைமுகத்தார் எழுதிய பதிலும் அந்தந்த ஊர்ச் சுங்க அலுவலகத்தின் கடிதப் புத்தகங்களில் தப்பிப் பிழைத்தன. அவை இப்போது லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் சுங்க வரிசையில் இருக்கின்றன. ஆகவே 'லண்டன்' என்று தேடாமல் கட்டரின் சொந்தத் துறைமுகத்தைத் தேடுங்கள். அட்டையில் துறைமுகத்தை முதல் வரியில் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். தனியார் போர்க்கப்பலின் அனுமதிப் பதிவும், பிடித்த கப்பல் மீதான வழக்குக் காகிதமும் அங்கேயே அட்மிரால்டி நீதிமன்ற வரிசையில் இருக்கும்.

இணையத்தில் தேடும்போது ஒரு சின்ன உத்தி. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து நீளமாக, எஃப் போலவே இருக்கும். கணினி அதை எஃப் என்றே படித்து வைத்திருக்கும். 'பறிமுதல்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டு ஒன்றும் வரவில்லையென்றால், எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டு மறுபடி தேடுங்கள். முன்பு கண்ணில் படாதவை வரிசையாக வந்து நிற்கும்.

நம் கரைக்கு வருவோம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் முதல் இடம். 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கியது. தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளில் ஒரு பகுதி அச்சிலேயே வந்திருக்கிறது. கையெழுத்தோடு மல்லுக்கட்டும் முன் அச்சுத் தொகுதியைப் படித்துவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் போகிறவர்கள் 'சுங்கம்' என்ற தலைப்பில் மட்டும் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். அந்தக் காலத்தில் உப்பு, ஆப்காரி (மதுவரி), தனி வருவாய் என்ற தலைப்பின் கீழ்தான் கரைக்காவல் செய்தி கிடக்கும். நம் பக்கம் கடத்தல் என்றால் நெடுங்காலம் உப்புதான். கும்பினி, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தனியுரிமையாக்கியது. பிரெஞ்சு ஊர்களின் உப்பு அதைக் கெடுக்காதிருக்க, 1815 மார்ச் 7 உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆகவே 'கட்டர்' என்ற சொல் வராத உப்பு இலாக்கா காகிதமும் உங்கள் காகிதம்தான்.

புதுச்சேரியில் லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலான் நூலகத்தில் பழைய பிரெஞ்சு அச்சுப் புத்தகங்களைப் பார்க்கலாம். போகும்முன் பிரெஞ்சுச் சொற்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். சுங்கம் 'துவான்'. கட்டர் 'கோத்ர்'. சுங்கக் காவல் படகு பெரும்பாலும் 'பத்தாஷ்' என்றே வரும். 'கோத்ர்' மட்டும் தேடினால் தவறவிடுவீர்கள். அரசு அனுமதியோடு எதிரிக் கப்பலைப் பிடிக்கும் தனியார் கப்பல் 'கோர்சேர்'. பிடித்த கப்பல் 'ப்ரீஸ்'. 'ஷெலேங்' என்று ஒரு படகு வந்தால் அகராதியைத் தேடி அலைய வேண்டாம், அது நம் சலங்குதான். துறைமுகக் கட்டடம் இல்லாத இந்தக் கரையில் பெரிய கப்பல் எட்ட நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தது மசூலா என்றும் சலங்கு என்றும் பேர்பட்ட தைத்த படகுகளில்தான். நேர்மையான சரக்குக்கும் கள்ளச் சரக்குக்கும் அதே படகு, அதே ஆட்கள். பழைய தமிழ் எழுத்தில் ஒற்றைப் பாய்மரக் கப்பல் பெரும்பாலும் 'சுலுப்பு' என்ற பெயரில் ஒளிந்திருக்கும்.

பழைய தமிழ்க் காகிதத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எண்கள் தமிழ் எண்களாக இருக்கும். 1783 என்பது ௲௭௱௮௰௩ என்று வரும். ௭ஐ எகரமாகவும் ௮ஐ அகரமாகவும் ௰ஐ யகரமாகவும் படித்துவிட்டால் ஆண்டு ஒரு சொல்லாகிவிடும், வரியே பொருளற்றுப் போகும். ஒரு தாளில் ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களையும் நூறு, ஆயிரக் குறிகளையும் பெரிதாக எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டு படியுங்கள். தொகை வராகன் என்ற பொன் நாணயத்தில் இருந்தால், நட்சத்திர வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய், 'பணம்' என்ற சிறு நாணயத்தில் 42. இது அரசாங்க விகிதம். சந்தை விலை ஏறி இறங்கும்.

தேதி: இங்கேதான் அதிகம் தவறும்

கடலூருக்கு எதிரே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூசும் மோதியது 1783 ஜூன் 20, பிற்பகல். பிரெஞ்சுத் தரப்பில் 15 பெரும் போர்க்கப்பல், ஆங்கிலத் தரப்பில் 18. இதே சண்டைக்குச் சில ஆங்கில லாக் புத்தகங்களில் ஜூன் 21 என்று தேதி கண்டால் திகைக்கவேண்டாம். பழைய ஆங்கிலக் கடல்நாள் நண்பகலில் தொடங்கியது, நிலத்து நாளைவிட 12 மணி நேரம் முந்தியது. அதனால் 20ஆம் தேதிப் பிற்பகல் லாக்கில் 21ஆக விழும். பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805இல் கைவிட்டது. கும்பினிக் கப்பல்கள் அதற்குப் பிறகும் சில காலம் வைத்திருந்தன. கரையில் எழுதிய கடிதத்துக்கு இந்தத் திருத்தம் கிடையாது. லாக் தேதிக்கு மட்டும், அதுவும் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் இடையில் நடந்ததற்கு மட்டும், ஒரு நாள் கழியுங்கள்.

1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை ஆங்கிலேயர் 14 என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் ஆங்கிலக் காகிதமும் பிரெஞ்சுக் காகிதமும் 11 நாள் வேறுபடும். தேவனாம்பட்டினத்துக் கடிதத்தையும் புதுச்சேரிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறவர்கள் இதைத் தவறவிட்டால், பதில் கடிதம் கேள்விக்கு முன்பே வந்ததுபோல் தெரியும். மார்ச் 25க்கு முன் வரும் ஆங்கிலத் தேதியில் ஆண்டும் ஒன்று குறைவாக இருக்கலாம்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலக் காகிதத்தில் மாதமே வேறு. பிரெஞ்சுக் கோர்சேர் தலைவர் ரொபேர் சுர்கூஃப் 'கான்ஃபியான்ஸ்' கப்பலோடு வங்கக் கடலில் 'கென்ட்' என்ற கும்பினிக் கப்பலைப் பிடித்தது 1800 அக்டோபர் 7. பிரெஞ்சுக் காகிதத்தில் அது புரட்சிக் கணக்கின் 9ஆம் ஆண்டு, வாந்தமியேர் என்ற முதல் மாதம் 15. அந்த ஆண்டு வாந்தமியேர் முதல் நாள் செப்டம்பர் 23. அதிலிருந்து எண்ணினால் சரியாக வரும். முதல் நாள் சில ஆண்டுகளில் 22, சில ஆண்டுகளில் 23, ஓர் ஆண்டில் 24 என்று நகரும். ஆண்டுக்கு ஆண்டு பார்த்துத்தான் எண்ணவேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் நள வருடத்தில் தொடங்குகிறது. 1796ம் நளதான். தாளில் வரும் துரையின் பெயரைப் பார்த்துவிட்டு ஆண்டை முடிவு செய்யுங்கள்.

மூன்று சல்லடை

ஒரு சம்பவத்தை அட்டையில் ஏற்றும்முன் மூன்று கேள்வி.

ஊரில் அன்று யார் கொடி? கடலூர் 1758 முதல் 1760 வரையும், 1782 ஏப்ரலில் இருந்து போர் முடியும் வரையும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. புதுச்சேரியை ஆங்கிலேயர் 1761, 1778, 1793 என்று மூன்று முறை பிடித்தார்கள். கடைசித் தடவை திரும்பக் கிடைக்க 1816 ஆயிற்று. ஆகவே 1800இல் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய கோர்சேர் என்று எங்கே படித்தாலும் நம்பாதீர்கள். அந்த ஆண்டுகளில் அவர்களின் தளம் மொரீஷியஸ், அன்றைய பெயரில் பிரான்சுத் தீவு. அது விழுந்தது 1810 டிசம்பரில்.

காற்று ஒப்புகிறதா? வடகிழக்குப் பருவம் தொடங்கினால் பாய்க்கப்பல் இந்தக் கரையில் நங்கூரமிட்டு நிற்காது. அக்டோபர் நடுவுக்குள் பெரிய கப்பல்கள் விலகிவிடும். 1782 கடைசியில் சுஃப்ரேன் சுமத்ராவின் அச்சேவுக்கும் ஹியூஸ் பம்பாய்க்கும் போனது இதற்காகத்தான். கடலூருக்கு எதிரே நவம்பரில் ஒரு மாதம் ரோந்து என்று எழுதியிருந்தால் மாதத்தைத் தவறாகப் படித்திருக்கிறோம். ஐப்பசிக் கடலைத் தேவனாம்பட்டினத்தில் நின்று ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

கையில் அனுமதி இருந்ததா? எதிரிக் கப்பலைப் பிடித்துச் சொந்தமாக்க அரசின் மார்க் கடிதம் வேண்டும். பிரிட்டிஷ் சுங்கக் கட்டர்கள் பல போர்க்காலத்தில் அதை வாங்கி வைத்திருந்தன. கடத்தல்காரனைத் துரத்தப் போய் வழியில் பகைநாட்டுக் கப்பல் அகப்பட்டால் விடவேண்டியதில்லை அல்லவா? கடிதம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு சுர்கூஃபே சாட்சி. 1796 ஜனவரி 29இல் ஒடிசாக் கரையின் பாலசோருக்கு எதிரே, பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டும் சிறு பைலட் கப்பலில் போய் 'டிரைட்டன்' என்ற பெரிய கும்பினிக் கப்பலைப் பிடித்தார். மார்க் கடிதம் இல்லாததால் பிரான்சுத் தீவின் நிர்வாகம் பிடித்ததையெல்லாம் பறித்துக்கொண்டது. பாரிஸுக்குப் போய் வழக்காடித்தான் ஈடு வாங்க முடிந்தது. கடிதத்தின் தேதி, யார் பெயரில், எத்தனை ஆள், எத்தனை பீரங்கி என்பதை அட்டையில் ஏற்றுங்கள். அந்தப் பதிவே கட்டரின் பலத்துக்கு நல்ல சான்று. ஆனால் அது கேட்டு வாங்கிய நாளின் பலம். சண்டை நாளின் பலம் வேறாக இருக்கலாம்.

சண்டையைப் பற்றிப் படிக்கும்போது வரிசையைக் கவனியுங்கள்: கொடி ஏறியதா, எச்சரிக்கை வேட்டு போட்டார்களா, அதன் பிறகுதான் குண்டு வீசினார்களா. சுங்கக் கொடி ஏறாமல் சுட்டிருந்தால் வழக்கே கவிழும் என்பதால் தலைவர்கள் தங்கள் அறிக்கையில் இதைத் தவறாமல் எழுதுவார்கள். எதிர்த்தரப்பு தவறாமல் மறுக்கும். இந்த வரிசை இன்றும் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. நம் 1962 சுங்கச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, நிற்காத கப்பலைத் துரத்தலாம், அடையாள வேட்டுக்குப் பிறகும் நிற்காவிட்டால் அதன்மேல் சுடலாம் என்கிறது. ஹாமில்டன் 1791 ஜூன் 4 சுற்றறிக்கையில் கட்டர் தலைவர்களுக்குச் சொன்னதும் இதன் மறுபக்கம்தான்: உங்கள் நாட்டவர் சுதந்திர மனிதர்கள், அதிகாரத் தோரணையின் சாயலைக்கூடப் பொறுக்கமாட்டார்கள் என்பதை மறவாதீர்கள் என்றார். சுங்கக் கட்டர் பெரும்பாலான நாட்களில் எதிர்கொண்டது எதிரியை அல்ல, சொந்த ஊர்க்காரனை. பணிவரலாற்றில் அந்த நாட்களுக்கும் இடம் கொடுங்கள்.

எழுதிப் பார்ப்போம்

சல்லடையில் தேறிய ஒரு பதிவு இப்படி இருக்கும்:

'சர்வேயர்', அமெரிக்கச் சுங்கக் கட்டர். தலைவர் சாமுவேல் டிராவிஸ். 1813 ஜூன் 12 இரவு, வர்ஜீனியா, யார்க் ஆறு. பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'நார்சிசஸ்' அனுப்பிய படகுகள் துடுப்பில் துணி சுற்றி ஓசையில்லாமல் நெருங்கின. கட்டரின் பீரங்கிகள் திரும்பமுடியாத திசையிலிருந்து வந்ததால் அவற்றால் பயனில்லை. டிராவிஸ் ஆளுக்கு இரண்டு துப்பாக்கி கொடுத்துக் காத்திருந்து சுடவைத்தார். தளத்தின் மேல் கைகலப்பு. கட்டர் பிடிபட்டது. தாக்குதலை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி கிரீரி, டிராவிஸின் வாளைப் பாராட்டுக் கடிதத்தோடு திருப்பி அனுப்பினார்.

இதில் 'வீரம்' என்ற சொல் இல்லை, தேவையும் இல்லை. தோற்றவனின் வீரத்துக்கு வென்றவன் கடிதமே சான்று. இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் இடத்தை இப்படி நேராக எழுதுங்கள். ஒத்துப்போகாத எண்ணிக்கை வந்தால் இரண்டையும் எழுதி, எது யாருடையது என்று சொல்லுங்கள். நடுவாக ஓர் எண்ணைக் கணக்குப் போட்டு எழுதுவது பொய்.

கடைசி வரி கப்பலின் முடிவு. பிடிபட்டதா, விற்றார்களா, உடைத்தார்களா? பிரிட்டனில் பறிமுதலான கடத்தல் படகை, திரும்பக் கடலுக்கு வராதபடி குறுக்கே அறுத்து மூன்று துண்டாக்குவது வழக்கம். நல்ல வேகமான படகாக இருந்தால் சுங்கமே அதைத் தன் வேலைக்கு வைத்துக்கொள்ளும். அப்படி வந்த கட்டருக்குச் சுங்கத்தில் சேர்வதற்கு முன்பே ஒரு வாழ்க்கை உண்டு, அதற்கு வேறு பெயரும் இருந்திருக்கலாம். அந்தப் பழைய பெயருக்கு இன்னொரு அட்டை எடுத்து, முதல் வரியில் அதன் துறைமுகத்தை எழுதுங்கள்.